அழ விடாதே என்றீர்கள்

அலெக்சாந்திரியா
10 நவம்பர் 1992

நக்லா,

ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டே கிளம்பியிருக்கிறாய். என்னிடம் இருந்த சாவியால் உன் வீட்டைத் திறந்தபோது கருகல் நாற்றம்தான் முதலில் வந்தது. நல்லவேளை, சிலிண்டர் தீர்ந்து அடுப்பு தானாக அணைந்திருந்தது. உன் கறுப்புப் பை இல்லை, குழந்தை ஷாதியின் போர்வை இல்லை. வாசல் காவல்காரரைக் கேட்டால், "அவங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு டாக்டரம்மா. மல்லவி ரயில். அழுதுகிட்டே போச்சு அந்தப் பொண்ணு" என்கிறார். என் தம்பி மம்தூஹ் எண்ணெய்க் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறானோ. அவனுக்கு நான் என்ன தந்தி கொடுப்பது? உன் பெண்டாட்டியும் பிள்ளையும் உன் அக்காவைக் கண்டு பயந்து ஓடிவிட்டார்கள் என்றா?

உனக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. சனிக்கிழமை காலை அறுவைக்கென்று உன் கையிலிருந்து வாங்கிப் போன பிள்ளையை, அறுவை செய்யாமலே, நெஞ்சில் காயத்தோடு உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். மயக்க ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவன் இதயம் தளர்ந்துபோனது. துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பெருவிரலாலும் நெஞ்சை அழுத்தி அவனை மீட்டது நான்தான். அந்த ஊசியைப் போட்டதும் நான்தான். இரண்டையும் உன்னிடம் அன்றைக்கே சொன்னேன், மறைக்கவில்லை.

ஆனால் மல்லவியில் உன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதால் அவன் இதயத்துக் கோளாறு சரியாகிவிடாது. உள்ளே ஓட்டை இருக்கிறது, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகலாக இருக்கிறது. அழுது அழுது அவன் நீலமாவது அதனால்தான். ஒரு சின்னக் குழாய் வைத்து ரத்தத்துக்கு மாற்றுவழி போட்டுக் கொடுத்தால் வளர்வான். டிசம்பர் நடுவுக்கு மேல் தள்ளக்கூடாது என்று அறுவை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நீ என்னை வெறுத்தாலும் இதை மட்டும் செய். அவன் நீலமாகி மூச்சிரைத்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடி. பயப்படாமல் பிடி. நிறம் திரும்பும் வரைக்கும் விடாதே.

ராவியா


மல்லவி
14 நவம்பர் 1992

மதிப்பிற்குரிய டாக்டர் ராவியா அவர்களுக்கு,

இதுவரை அக்கா என்று எழுதினேன். இனி அந்தச் சொல் வராது, மன்னிக்கவும்.

ரொட்டி கருகியதைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். என் பிள்ளையின் நெஞ்சில் இரண்டு பெருவிரல் தடம், முதலில் கத்தரிக்காய் நிறம், இப்போது மஞ்சள். குளிப்பாட்டும்போது அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் துடைக்கிறேன். என் அம்மா பார்த்துவிட்டு, "இவன் அத்தை டாக்டரா, கசாப்புக்காரியா?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்கு நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உங்கள் உதவி டாக்டர் ஹானி வெளியே வந்தபோது உங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். "அப்படியே நம்ம முயல்குட்டி மாதிரி இறங்கிடுச்சு டாக்டர்." நீங்கள் "வாயை மூடு ஹானி" என்றீர்கள். ஏன் மூடச் சொன்னீர்கள்? நீங்கள் பல்கலைக்கழகத்தில் முயல்குட்டியை அறுத்து அதன் இதயத்தில் மயக்க மருந்து விட்டுப் பார்க்கிறீர்கள் என்பது குடும்பத்துக்கே தெரியும். பெருநாள் விருந்தில் அதைச் சொல்லித்தானே எல்லோரையும் சாப்பிட விடாமல் செய்தீர்கள்! என் பிள்ளை உங்களுக்கு எத்தனையாவது முயல்?

பூகம்பம் வந்த மறுவாரம் பிறந்தவன். பயத்தோடே வயிற்றில் கிடந்தான் என்று ஏழாம் நாள் விழாவை ஊரைக் கூட்டிச் செய்ய நினைத்திருந்தேன். அதையும் நீங்கள் நடத்தவிடவில்லை. குழந்தையைச் சல்லடையில் போட்டு, காதருகே பித்தளை உரலை இடித்தால் அவன் திடுக்கிடுவான், அழுவான், நீலமாவான், கூடவே கூடாது என்றீர்கள். சரி என்றேன். எங்கள் குடும்பத்தில் உரல் சத்தம் கேட்காமல் வளரும் முதல் பிள்ளை இவன்தான். நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்றேன். என்ன கிடைத்தது?

என் நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "நக்லாவோட அப்பா நாட்டு மருந்துக்கடையில பாதி தூசி, பாதி புளுகு." எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார், வேறென்ன செய்வார். எங்கள் கடைத் தூசியால் இதுவரை எந்தக் குழந்தையின் இதயமும் நிற்கவில்லை.

வரமாட்டோம்.

நக்லா


அலெக்சாந்திரியா
18 நவம்பர் 1992

நக்லா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கேண்டீனில் நின்றபடியே படித்தேன். டீ ஆறிப்போனது. நிச்சயதார்த்தத்தில் நான் சொன்னது அசட்டுத்தனம். அன்றைக்கே உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்குக் காரணம் ஒன்றுமில்லை, திமிர்தான்.

முயலுக்கு வருகிறேன். ஹானி சொன்னது நிஜம். அவனுக்கு வாய் நீளம், ஆனால் பொய் சொல்ல மாட்டான். நீ முழுசாகக் கேள், பிறகு திட்டு.

பெரியவர்களுக்கு எவ்வளவு மருந்து என்று உலகத்துக்கே தெரியும். அதை எடையால் வகுத்துக் குழந்தைக்குப் போடுகிறோம், அரிசி அளப்பது மாதிரி. ஆனால் பிறந்த குழந்தையின் இதயம் பெரியவர் இதயத்தைச் சுருக்கிச் செய்தது இல்லை. அதற்கு அழுத்திப் பிழிகிற வலு குறைவு. வேகமாக அடித்துத்தான் காலம் தள்ளும். நரம்பில் ஏற்றும் மயக்க மருந்து அந்த இதயத்தை என்ன செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதனால்தான் முயல்குட்டி. இதயத்தை மட்டும் எடுத்து, கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீர் கொடுத்தால் கொஞ்ச நேரம் தானாகத் துடிக்கும். ஒவ்வொரு மருந்தாக விட்டு, எது எவ்வளவு தளர்த்துகிறது என்று அளக்கிறேன். விருந்தில் இதைப் பேசியிருக்கக்கூடாது, அதுவும் கறி பரிமாறும்போது.

ஷாதிக்குப் போட்டது புது மருந்து இல்லை. கெட்டமைன். நாங்கள் பல வருடமாகப் போடுவது. இப்படி நீலம் பாயும் பிள்ளைகளுக்கு இருப்பதிலேயே அதுதான் பத்திரம். அதிலும் நான் அளவைக் குறைத்துத்தான் போட்டேன். கெட்டமைனுக்கு இரண்டு முகம் உண்டு. நேராக இதயத்தின் மேல் அது தளர்ச்சியைத்தான் உண்டாக்கும். ஆனால் உடம்பை உசுப்பிவிடும். உடம்பு பதறி இதயத்தை முடுக்கும், அந்த முடுக்கத்தில் தளர்ச்சி வெளியே தெரியாது. கண்ணாடிக் குழாயில் தொங்கும் இதயத்துக்கு உடம்பும் இல்லை, பதற்றமும் இல்லை, அதனால் அங்கே மட்டும் இறங்கும். ஹானி அதிர்ந்துபோனது இதற்காகத்தான். ஷாதியின் இதயம் உடம்புக்குள்ளே இருந்துகொண்டே, உடம்பு இல்லாத இதயம்போல இறங்கியது.

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மருந்துப் புட்டியைச் சோதிக்கக் கொடுத்தேன், அதில் தப்பில்லை. அளவை மூன்று பேர் சரிபார்த்தார்கள். காரணம் தெரியாமல் மறுபடி மயக்கம் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. முந்தின நாளிலிருந்து அவனுக்கு என்னென்ன நடந்தது, எதை மறந்தாலும் பரவாயில்லை, நினைவுக்கு வருவதை எழுது. சுரம் இருந்ததா, வாந்தி எடுத்தானா, தூங்கினானா.

சொந்தத் தம்பி பிள்ளைக்கு நான் ஊசி போட்டிருக்கக்கூடாது என்று தலைமை மருத்துவர் கத்தினார். சரிதான். கெய்ரோவிலிருந்து வேறொருவரை வரவழைக்கிறேன். நான் வெளியே நிற்கிறேன். நீ வா, போதும்.

ராவியா


மல்லவி
23 நவம்பர் 1992

டாக்டர் ராவியாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. வியாழக்கிழமை மத்தியானம் அவன் அழ ஆரம்பித்தான், நிற்கவில்லை. உதடு மைநீலம் ஆனது. கண் மேலே செருகியது. என் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் நீங்கள் எழுதியபடி முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். "விடுடி, பிள்ளை நொறுங்கிடும்" என்று அண்ணன் கத்தினான். நான் விடவில்லை. நிறம் திரும்பியது. உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

முயல் சமாசாரத்தைப் படித்தேன். பாதி புரிந்தது. நீங்கள் அவனை வைத்துச் சோதனை பண்ணவில்லை என்று நம்புகிறேன். "தெரியவில்லை" என்று நீங்கள் எழுதி இதுவரை பார்த்ததில்லை. அதனால் நம்புகிறேன்.

ஆனால் நான் ஏதோ கோட்டை விட்டதுபோலக் கேட்கிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மீறவில்லை. சுரம் இல்லை. வாந்தி இல்லை. விடியற்காலைக்கு அப்புறம் பால் கூடாது என்றீர்கள், ஒரு சொட்டு கொடுக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு சட்டை நனைந்து நின்றேன், கொடுக்கவில்லை. அழ விடாதே, அழுதால் நீலமாகும், அறுவை மேசைக்கு நீலமாகப் பிள்ளையைக் கொண்டுவராதே என்றீர்கள். பசித்த பிள்ளை அழாமல் இருக்குமா? நான் அழ விடவில்லை. அப்பா அனுப்பிய அபுன்னூம் காயை உரலில் நசுக்கிக் கொதிக்க வைத்து வடிகட்டி, ராத்திரி ஒரு தடவை, விடியலில் ஒரு தடவை, தேக்கரண்டியால் புகட்டினேன். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, வெறும் தண்ணீர். எங்கள் கடைச் சரக்கு, கலப்படம் இல்லாதது. என்னை வளர்த்ததும் என் அண்ணனை வளர்த்ததும் அதுதான். ஒரு சிணுங்கல் இல்லாமல் மல்லிகைப் பூவாட்டம் தூங்கினான். உங்கள் கையில் நான் கொடுத்தபோது எவ்வளவு அமைதியாக இருந்தான், நீங்களே பார்த்தீர்கள். "சமர்த்துப் பிள்ளை, பயமே இல்லை இவனுக்கு" என்று முத்தம்கூடக் கொடுத்தீர்கள்.

இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

கெய்ரோ டாக்டர் யார்? நல்லவரா?

நக்லா


அலெக்சாந்திரியா
28 நவம்பர் 1992

என் நக்லா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன், வந்தேன், மம்தூஹின் பழைய சட்டைகளைத் துவைத்தேன், கடற்கரைச் சாலையில் வெறுமனே நடந்தேன். எழுதாமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் சொல்லாவிட்டால் நீ மறுபடியும் கொடுப்பாய், அன்பினால் கொடுப்பாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. பிள்ளையை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படி.

அபுன்னூம் என்பது கசகசாச் செடியின் காய்ந்த காய். அதைக் கொதிக்க வைத்தால் இறங்குவது அபின். லேசான அபின், ஆனாலும் அபின்தான். பெரியவர்களுக்குத் தலை கனக்கும். அத்தனூண்டு பிள்ளைக்கு அது மூச்சு, நரம்பு, பதற்றம் எல்லாவற்றையும் அமர்த்திவிடும். நான் போன கடிதத்தில் எழுதினேனே, கெட்டமைன் போட்டால் உடம்பு பதறி இதயத்தைத் தூக்கிப் பிடிக்கும் என்று? அன்றைக்கு ஷாதியின் உடம்பில் அந்தப் பதற்றம் ஏற்கெனவே தூங்கிவிட்டது. தூக்கிப் பிடிக்க யாருமில்லை. மருந்து நேராக இதயத்தில் விழுந்தது.

உறுதியாக நிரூபிக்க என்னிடம் வழி இல்லை. ஆனால் எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

இனி நான் சொல்வதைக் கவனி. நீ என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான் "பால் குடுத்தியா?" என்றுதான் கேட்டேன். நீ "இல்லை" என்றாய். அது சத்தியம். வேறு என்ன புகட்டினாய் என்று நான் கேட்கவே இல்லை. பால் கொடுக்காதே என்றேன், அழ விடாதே என்றேன். பசித்த பிள்ளையை அழாமல் வைத்திருக்க வேறு வழி சொன்னேனா? நீ ஒரு நாட்டு மருந்துக்கடைக்காரர் மகள் என்று எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லிக் கேலி பண்ணத் தெரிந்தது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. கையில் வாங்கியபோது அவ்வளவு அமைதியாக இருந்தானே, பசித்த பிள்ளை ஏன் இப்படித் துவண்டு கிடக்கிறான் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். சமர்த்து என்று கொஞ்சிக்கொண்டு நின்றேன்! என் அம்மா எனக்கும் அதைத்தான் புகட்டியிருக்கிறாள், நேற்று ராத்திரி கேட்டேன்.

உன் அப்பாவிடம் சண்டை போடாதே. இந்த வாதத்தில் ஜெயிக்க எனக்கு ஆசையே இல்லை. இதற்கு நான் தோற்றிருக்கலாம்.

அதை மட்டும் இனி கொடுக்காதே. காரணம் தெரிந்துவிட்டது, அதனால் பயம் பாதி போய்விட்டது. கூட்டிக்கொண்டு வா.

உன் ராவியா


மல்லவி
2 டிசம்பர் 1992

உங்களை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை.

படித்தேன். அப்பாவிடம் கொடுத்தேன். அவரும் படித்தார். நேரே கடைக்குப் போய் அந்தச் சாடியை எடுத்து வந்து கொல்லையில் கவிழ்த்தார். அவர் அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடுவதைப் பார்க்க முடியவில்லை.

அந்தத் தடத்தை உங்கள் விரல் என்று ஊரெல்லாம் காட்டினேன். வந்தவர்கள் எல்லோரிடமும் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். இப்போது யாரிடம் என்ன சொல்ல?

ஷாதியை இப்போது அம்மாதான் வைத்திருக்கிறாள். பால் கொடுக்க மட்டும் வாங்குகிறேன். அவன் அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொட்டால் எதையாவது தப்பாகச் செய்துவிடுவேன் என்று இருக்கிறது. முழங்காலை மடக்கக்கூட அண்ணனுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டேன்.

நீங்களே வந்து அவனை எடுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்குத்தான் தெரியும். பால்மாவு வாங்கிக் கொடுங்கள். குணமானதும் சொல்லுங்கள். நான் வரவில்லை. அந்த வாசலில் நின்று மறுபடி அவனைக் கை மாற்றிக் கொடுக்க என்னால் ஆகாது.

நக்லா


அலெக்சாந்திரியா
5 டிசம்பர் 1992

நக்லா,

மூக்கைச் சிந்திவிட்டு மேலே படி.

நான் போய் எடுத்துவர வேண்டுமாம். நான் சமைத்தால் பூனை சாப்பிடாது, உனக்குத் தெரியும். அவனை அத்தை வீட்டில் விட்டால் இதயம் தப்பித்தாலும் வயிறு தப்பிக்காது. வேடிக்கை இருக்கட்டும். அந்தப் பிள்ளை நீலமாகிக் கண் செருகியபோது, வீடே அலறி ஓடியபோது, ஓடாமல் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நானா? காகிதத்தில் ரெண்டு வரி எழுதினேன், அவ்வளவுதான். அதுவும் யார்மேல் உனக்கு அவ்வளவு கோபமோ அவள் எழுதிய ரெண்டு வரி. நீ கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதைச் செய்தாய். எனக்கு அந்த மனசு இருந்திருக்குமா, தெரியவில்லை.

பிள்ளையைத் தொடப் பயம் என்கிறாய். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கும் மருந்துப் புட்டியைத் தொடப் பயம். ஹானிதான் ஊசியில் மருந்து ஏற்றித் தருகிறான். வேறு யாருக்கும் தெரியாது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அழுகையைப் பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். நீலமாகும் அளவுக்கு அவனைக் கதற விடாதே, அது சரி. ஆனால் கொஞ்சம் சிணுங்கினால், முரண்டு பிடித்தால், பசிக்கு வீறிட்டால், பயந்து சாகாதே. அந்தப் பதற்றம்தான் இத்தனை நாளாக அவன் இதயத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அறுவைக்கு அவன் சண்டைக்கோழியாகத்தான் வர வேண்டும். பசி எடுத்தால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கலாம், எப்போது வரைக்கும் என்று நேரில் சொல்கிறேன். ஏழாம் நாள் உரல் வேண்டாம் என்று நான் தடுத்ததும் அவசரப்பட்ட பயம்தான். நோய் தீரட்டும், அப்புறம் இடித்துத் தள்ளுங்கள்.

பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை அறுவை அறை கிடைத்திருக்கிறது. கெய்ரோ டாக்டர் ஒத்துக்கொண்டுவிட்டார். நல்லவர், நிதானமானவர், வாய் பேசவே பேசாது. சனிக்கிழமைக்குள் வந்து சேர். நீதான் கொண்டு வர வேண்டும். உன் அண்ணனோ அம்மாவோ கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.

ராவியா


தந்தி
மல்லவி, 8 டிசம்பர் 1992

அக்கா சனிக்கிழமை ரயிலில் நானே கொண்டு வருகிறேன். கெய்ரோ டாக்டர் வேண்டாம். ஊசி நீங்கள் போட்டால் மட்டும். நக்லா


அறுவை அறையிலிருந்து, செவிலி கையில் கொடுத்தனுப்பியது
15 டிசம்பர் 1992, செவ்வாய்

நக்லா,

வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எழுந்து தண்ணீர் குடி.

உன் கையிலிருந்து வாங்கும்போதே என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான், அறைக்குள் வரும்வரைக்கும் விடவில்லை. ஊசி முனையைக் கண்டதும் கத்தினான் பார், கெய்ரோ டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். (தலைமை மருத்துவரின் நிபந்தனை: நான் போடும்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வாய் பேசாமல் நின்றார்.) அதே மருந்து. இன்னும் கொஞ்சம் குறைவு. துளித்துளியாக விட்டேன். ஹானி திரையைப் பார்த்துக்கொண்டு, "ஏறுது டாக்டர்... நிக்குது... நிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். துடிப்பு இறங்கவில்லை. கொஞ்சம் ஏறிக்கூட அடித்தது. ஊசியில் மருந்தை இந்தத் தடவை நானே ஏற்றினேன்.

இப்போது அறுவை மருத்துவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். இனி நேரமாகும். அவன் தலைமாட்டில்தான் இருக்கிறேன், நகர மாட்டேன்.

ராவியா


மல்லவி
24 ஜனவரி 1993

அன்புள்ள ராவியா அக்காவுக்கு,

உங்களை வரச் சொல்லி எவ்வளவு கெஞ்சினேன், ஆஸ்பத்திரியை விட்டு வர முடியாது என்று ஒரே பிடிவாதம். அதனால் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு வயிறு எரியுங்கள்.

நேற்றுதான் ஷாதிக்கு ஏழாம் நாள் விழா நடத்தினோம். "மூணு மாசத்துப் பிள்ளைக்கு ஏழாம் நாளாம்!" என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். உங்கள் தம்பியும் கப்பல் இறங்கி வந்துவிட்டார். பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை, பீங்கான் சாடியைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கிறார். நகத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் இருக்கிறதே என்று கவலைப்பட்டார். இருக்கத்தான் செய்யும், பெரியவனானதும் முழு அறுவை ஒன்று இருக்கிறது, அதுவரைக்கும் இந்தக் குழாய் போதும், டாக்டர் சொல்லிவிட்டார் என்று நான்தான் தைரியம் சொன்னேன். டாக்டர் என்றால் நீங்கள்.

எங்கள் வீட்டு உரலை, அபுன்னூம் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். இத்தனை நாளும் அதன் பக்கம் போகவில்லை. நேற்றுக் காலை அப்பாவே வெளியே எடுத்து, சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தார். முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார். அவருக்கும் அழுகை வந்தது, எனக்கும் வந்தது.

சல்லடையில் அவனைப் படுக்க வைத்தோம். ஏழு தடவை அவனைத் தாண்டினேன், அம்மா உப்பைத் தூவினாள். அப்பா உரலை அவன் காதருகே வைத்து உலக்கையை எடுத்தார். "அம்மா சொல்றதைக் கேளு, அப்பா சொல்றதைக் கேக்காதே" என்று வழக்கம்போலப் பெண்களெல்லாம் கத்தினார்கள். நான் இன்னொன்று சேர்த்தேன். "அத்தை கேக்குற கேள்விக்கெல்லாம் ஒண்ணுவிடாம பதில் சொல்லு!" உங்கள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பா இடித்தார். டங்கென்று வீடே அதிர்ந்தது. ஷாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையையும் விரித்தான், வாயைத் திறந்தான், மூச்சை இழுத்தான், அவ்வளவுதான், அழ ஆரம்பித்தான். அப்பா உலக்கையைக் கீழே போட்டுவிட்டார். அம்மா "ஐயோ தூக்குடி, தூக்கு" என்றாள். அண்ணன் முழங்காலை மடக்கப் பாய்ந்து வந்தான். நான் கையை நீட்டி எல்லோரையும் தடுத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். அக்கா, சிவந்தது. காதுமடல் சிவந்தது. நெஞ்சு சிவந்தது, உங்கள் விரல் பட்ட இடத்தில்கூட.

முகாத் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சுவது, விழாவுக்கு வந்தவர்களுக்கும் கொடுப்பது. நெய்யும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிக் குடியுங்கள். எங்கள் கடைத் தூசிதான். என்னென்ன போட்டது என்று அப்பா தன் கையாலேயே பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கிறார், நீங்கள் கேட்பீர்கள் என்று.

"இன்னும் தூக்காம நிக்கிறியே, கல்லா நீ?" என்று அம்மா திட்டினாள். நான் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டேன்.

உங்கள் நக்லா